பொழியூர்க் கரையில் கண்ட நீலச் சிற்றுயிர்

பாறசாலை நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுக்கும் நாம், சென்ற ஆனித் திங்களில் ஒரு ஞாயிறன்று இளைய மகளுடன் பொழியூர்க் கடற்கரைக்குச் சென்றோம். ஈரமணலில் சுண்டுவிரல் நுனியளவில் நீலமாக ஏதோ கிடந்தது. மாலையினின்று உதிர்ந்த மணியென எண்ணி, எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கக் குனிந்தோம்.

"மக்களே, தொடாதே! காந்தும்!" என்று கூவினார், வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். சிரட்டையில் கடல்நீர் மொண்டு, ஈர்க்கினால் அதனை உள்ளே தள்ளினார்.

நீரில் அது விரிந்தது. இருபுறமும் மும்மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் விசிறிபோல் விரல்கள். ஓணானோ என ஐயுற்றோம். சற்றுநேரம் பார்த்தபின் முதியவர் அதனை அலையில் விட்டார்.

பள்ளியிறுதி வகுப்போடு நின்ற நமக்கு விலங்கியல் தெரியாது. நெய்யாற்றின்கரையில் நூலொன்றைப் புரட்டியபோதுதான் விளங்கிற்று: அது ஓடற்ற கடல் நத்தை, கிளாக்கஸ் அட்லாண்டிகஸ், நீல டிராகன் என்பர். வளர்ந்தால் 3 சென்டிமீட்டர். விழுங்கிய காற்றினால் மல்லாந்து மிதக்கும். மேலே தெரியும் நீலம் வயிற்றுப்புறம், வெள்ளிநிற முதுகு கீழே. விரல்கள் பல அடுக்காயின் உறவினமான மார்ஜினாட்டஸ்; நாம் கண்டதில் ஒரே வரிசை. மிதக்கும் நீலச் சொறியைத் தின்று, அதன் நுண்கொடுக்குகளைத் தன் விரல்நுனிகளில் சேமித்து வைக்கும். கரையொதுங்கியதும் கொட்டும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப்பின், சென்னை பெசன்ட் நகர்க் கரையிலும் இவை ஒதுங்கின. கடற்கரை செல்லும் நம் சங்கத்துக் குடும்பத்தார் அறியும்பொருட்டே இதனை எழுதுகிறோம்.

படித்த அன்றிரவு, உறங்கும் மகளின் உள்ளங்கையை விளக்கொளியில் ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.