ராத்திரி என் கட்சி

பகலில் என்னை எல்லோரும் கவனிக்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகப் பேசினால் "மாத்திரை போட்டியாடா?" என்பார் அம்மா. பேசாமல் இருந்தால் அதே கேள்வி அக்காவிடமிருந்து வரும். பைபோலார் உள்ளவனுக்குச் சும்மா சந்தோஷப்படவும், சும்மா எரிச்சல்படவும் உரிமை கிடையாது போல. ராத்திரி வீடு அடங்கியதும் கேள்வியும் அடங்கிவிடும். மொட்டைமாடியில் நான் வெறும் ஆள்.

என் டாக்டருக்கு இந்த இரவுப் பிரியத்தின் மேல் சந்தேகம் உண்டு. நியாயம்தான். தூக்கம் குறைவது மேனியாவின், அதாவது மனம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும் கட்டத்தின், அறிகுறி மட்டுமல்ல, அதைக் கிளப்பிவிடுவதும் அதுவே. மூன்று மணிநேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்தால் பூரிக்கக் கூடாது, டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. மேனியாவில் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையோடு, மாலை ஆறு முதல் காலை எட்டு வரை நீல ஒளியைத் தடுத்து மூளைக்கு இருட்டுப் போலக் காட்டும் ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார்கள் நார்வேக்காரர்கள். 2016-ல் முடிவு வெளியானது: ஒரே வாரத்தில் வேகம் நன்றாகத் தணிந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் இருட்டு என் கட்சி என்று படித்ததும் குஷியாகிவிட்டது. (செல்போன் வெளிச்சத்தில் விழித்திருப்பது இந்தக் கணக்கில் வராதாம்.)

இப்போதைய ஒப்பந்தம்: மாடி பத்தரை வரை. பிறகு லித்தியம், படுக்கை. எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமைகூட மாறாது. அம்மாவுக்கும் ஒரு ஷரத்து: மாத்திரைக் கேள்வி நாளைக்கு ஒருமுறைதான். நேற்றே மீறிவிட்டார்.