நாலு சதுரமும் அப்பாவோட நோட்டும்

"இந்த வருஷம் எந்த கான்ஃபரன்ஸுக்குப் போறே? சீக்கிரம் சொல்லு, பட்ஜெட் போடணும்"னு மேனேஜர் போன மாசம் கேட்டார்.

நான் மருந்து சோதனைகளோட டேட்டாவுக்கு புரோகிராம் எழுதற ஆசாமி. சுத்தி உட்கார்ந்திருக்கறவங்க எல்லாரும் பயோஸ்டாட்டிஸ்டீஷியன்கள். (உயிரிப் புள்ளியியலாளர்னு கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.) இவங்களுக்கு கான்ஃபரன்ஸ்னா கல்யாண சீசன் மாதிரி. 1983-ல ஆரம்பிச்ச இந்திய மருத்துவப் புள்ளியியல் சங்கத்தோட மாநாடு ஒண்ணு. மருந்து சோதனைக்காரங்களுக்குன்னே கான்ஸ்பிக் இன்னொண்ணு. பெரிய கைங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சர்வதேச பயோமெட்ரிக் மாநாடு: 2022-ல ரிகா, 2024-ல அட்லாண்டா, 2026-க்கு சியோல். சியோல்னு வாயைத் திறந்தா மேனேஜர் என்னைத் தனியா ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசுவார் :-)

நான் சொன்னது யாரும் எதிர்பார்க்காதது. இந்திய வேளாண் புள்ளியியல் சங்கம்.

"அதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் அப்பாதான்.

எங்க ஊர் தஞ்சாவூர்ல அம்மாபேட்டை பக்கம். எங்க வயல் பள்ளக்கால். 2021 ஜனவரியில, அறுப்புக்கு நின்ன சம்பா மேல விடாம மழை. மேட்டுப் பக்கம் முன்னாடியே நட்டவங்க பொங்கலுக்குள்ள அறுத்துட்டாங்க. எங்களுது சாஞ்சு, தண்ணிக்குள்ளயே முளைச்சுப் போச்சு. ஏக்கருக்கு முப்பது மூட்டை காணற வயல்ல ஏழு மூட்டை. பயிர்க் காப்பீடு கட்டியிருக்கோமேன்னு அப்பா தெம்பா இருந்தார். கடைசியில வந்த பணம் அறுவடை மெஷின் வாடகைக்குக்கூட காணலை.

"நாலு சதுரம் அறுத்துப் பாத்துட்டு ஊருக்கே கணக்கு எழுதிட்டாங்க தம்பி. அதுல ஒண்ணுகூட நம்ம பக்கம் இல்ல. நீ கம்ப்யூட்டர்ல இதே வேலையைத்தானே பாக்குற, இது எப்படி நியாயம்னு சொல்லு"ன்னார்.

பதில் தெரிஞ்சும் சொல்ல முடியலை. யாரும் ஏமாத்தலை. அதுதான் சங்கடமே. அந்த நாலு சதுரத்துக்குப் பேர் பயிர் அறுவடைப் பரிசோதனை. நெல் மாதிரி முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்துக்குக் குறைஞ்சது நாலு. எந்த சர்வே நம்பர், வயலுக்குள்ள எந்த இடம் எல்லாமே ரேண்டம் நம்பர் வச்சு முடிவாகும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. நம்ம ஊர்க் கணக்குல ஒரு மாவுல கிட்டத்தட்ட 54 சதுரம் அடங்கும். ஊர் சராசரி, முந்தைய வருஷங்களை வச்சுப் போட்ட உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறையுதோ அந்த விகிதத்துலதான் காசு, எல்லாருக்கும் ஒரே விகிதம். சராசரி சரியாவே வந்தாலும் பள்ளக்கால்காரனுக்கு அது தப்பாத்தான் இருக்கும். மருந்து சோதனையிலயும் இதே கதைதான். சராசரியா நூறு பேருக்குக் கேக்கற மருந்து, எதிர்ல உட்கார்ந்திருக்கற ஒருத்தருக்குக் கேக்குமான்னு அந்தச் சராசரி சொல்லாது.

இந்தச் சதுரத்துக்குப் பின்னாடி பெரிய சண்டையே இருக்கு. 1940-களில் மஹாலனோபிஸ் ஒரு பக்கம், பி.வி. சுகாத்மே இன்னொரு பக்கம். எவ்வளவு பெரிய துண்டு அறுக்கணும்ங்கறதுதான் வழக்கு. சின்னத் துண்டா இருந்தா மகசூல் கூடுதலா காட்டும்னு சுகாத்மே 1946-லயே 'நேச்சர்' பத்திரிகையில எழுதினார். கயிறு மேல நிக்கிற குத்தை உள்ளயா வெளியயான்னு யோசிக்கறப்ப கை தானா உள்ள தள்ளிடும். துண்டு சின்னதாக ஆக, பரப்பைவிட ஓரம்தான் ஜாஸ்தி. 25 சதுர மீட்டர்ல ஒரு கிலோ கூடினா ஹெக்டேருக்கு 400 கிலோ கூடுது. கூடுதலா காட்டினா நஷ்ட ஈடு குறையும். நாலு குத்து நெல்லுக்கு இவ்வளவு வெயிட்டு!

அந்த சுகாத்மே முன்னின்று வளர்த்த சங்கம்தான் நான் சொன்னது. 1947-ல ஆரம்பிச்சது, முதல் தலைவர் ராஜேந்திர பிரசாத். அதே 1947-லதான் அமெரிக்காவுல சர்வதேச பயோமெட்ரிக் சங்கமும் பிறந்துது. அதோட முதல் தலைவர் ஃபிஷர், ராதம்ஸ்டட் பண்ணையில பயிர்ச் சோதனை பண்ணி ரேண்டமைசேஷனைக் கொண்டுவந்தவர். இன்னிக்கு மருந்து கம்பெனிங்க பண்றது அதைத்தான். அதாவது நான் ஏ.சி. ரூம்ல பாக்கற வேலை வயல்லேர்ந்து வந்தது. இதை மேனேஜர்கிட்ட சொன்னேன். பாதியிலயே "சரி சரி, பேப்பர் கொடுத்து அவங்க எடுத்துக்கிட்டா போ"ன்னுட்டார்.

மாட்டிக்கிட்டேன். என்ன பேப்பர் கொடுக்கறது?

2023 குறுவைப் பருவத்துலேர்ந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் காப்பீட்டு மகசூல்ல குறைஞ்சது 30 சதவீதம் செயற்கைக்கோள் மாதிரி தொழில்நுட்பக் கணக்குலேர்ந்து எடுக்கணும்னு வந்திருக்கு. அதுலயும் கடைசியில வர்றது ஊர் சராசரிதான். ஊருக்குள்ள மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு காட்டணும்னா வயல்வாரியா பல வருஷக் கணக்கு வேணும். அது எங்க வீட்டுலயே இருக்கு. அப்பா நோட்டு எழுதறவர். வருஷா வருஷம் எந்த வயல்ல எத்தனை மூட்டைன்னு எல்லாம் அதுல இருக்கும். அவர் கூட்டாளிங்க நாலஞ்சு பேரும் அப்படித்தான்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய்க் கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் பேசலை. அதே நோட்டுலதான் யார்கிட்ட எவ்வளவு கடன், எந்த நகை எந்த வருஷம் பேங்குக்குப் போச்சு, எல்லாம் இருக்கு. என் காலேஜ் ஃபீஸ் கட்டின வருஷமும் இருக்கும். பேர் எதுவும் வராதுப்பா, மூட்டைக் கணக்கு மட்டும்தான்னேன்.

"மத்தவங்ககிட்ட நான் கேக்குறேன். ஆனா நம்ம நோட்ட நீ எடுத்துட்டுப் போகாத தம்பி. நானே பாத்து எழுதித் தர்றேன்"னார்.

நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தார். கோடு போட்ட தாள்ல அவர் கையெழுத்து: வருஷம், வயல், மூட்டை. 2021-க்கு நேரா ஏழுன்னு எழுதி, அடிச்சுட்டு, ஆறரைன்னு திருத்தியிருக்கார்.