பீர்க்கு பூக்கும் சாயங்காலம்

கத்திரி வெயில் முடிந்தும் மதுரையில் அனல் குறையவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக் கொல்லையில் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. காலையில் துளசிக் கதிரில் தேனீக்கள், முருங்கைப் பூவில் கன்னங்கரேலென்று பெரிய வண்டுகள்.

எனக்குப் பிடித்தது சாயங்காலம். மற்ற பூக்கள் வாடும் நேரத்தில்தான் பீர்க்கு மஞ்சளாக விரியும். அதைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். அவை ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்த்தால்தான் காய்!

போன வருஷம் கறிவேப்பிலையைப் புழுக்கள் மொட்டையடித்த கோபத்தில் மருந்து அடித்துவிட்டேன். பக்கத்திலேயே பீர்க்கம் பந்தல். பிஞ்சுகளெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. "பூச்சியை விரட்டிட்டு, காய் எங்கேன்னு கேட்டா?" என்றார் மாமியார். செல்போன் வெளிச்சத்தில் நானே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினேன். கிடைத்தது நாலே காய்.

இந்த வருஷம் மருந்தைத் தொடவில்லை. பறவை எச்சம்போல இருந்த புழுக்கள் பச்சைப்பசேலென வளர்ந்து, 'கறிவேப்பிலை அழகி' வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்துவிட்டன. பந்தலில் இன்று எண்ணினேன், பதினோரு பிஞ்சுகள் பச்சையாகவே நிற்கின்றன.

தாளிக்கக் கறிவேப்பிலை மட்டும் பக்கத்து வீட்டில்தான் கேட்டு வாங்குகிறோம்.