சந்துக்குள் ஒரு விம்பிள்டன்
சிறுவராயிருந்த காலை, ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய சந்தொன்றிலே, பலகைத் துண்டுகளை மட்டையாக்கிக் கிருஷ்ணனும் லேவருமாக நாம் பொருதினோம். 1959 டேவிஸ் கிண்ணப் போட்டியில் ராமநாதன் கிருஷ்ணன் ரொட் லேவரை வென்றிருந்தார். ஆதலால் லேவராக நிற்க எவனும் இசையான்.

1961 விம்பிள்டன் அரையிறுதியிலோ வென்றவர் லேவர். தேநீர்க் கடையிற் பத்திரிகையைப் பார்த்துச் சோர்ந்தோம். எம்மில் ஒருவன் மட்டும் சோரவில்லை. கனவான்களின் கழகமொன்றிற் பந்து பொறுக்கிக் கொடுப்பது அவன் தொழில். கிருஷ்ணன் பந்தை அடிப்பதில்லை, இடம் பார்த்து வைக்கிறார். லேவரின் இடக்கை வேகத்துக்கு அது அன்று போதவில்லை என்று விளக்கியவன் அவனே.

1963இல் லேவர் பணத்துக்காடும் தொழிலாட்டக்காரரானார். விம்பிள்டன் பட்டப் போட்டி 1968 வரை அவருக்குக் கதவடைத்தது.

“ஆட்டத்தால் உண்பவனுக்கு அங்கேயும் இடமில்லையோ?” என்றான் நண்பன்.

அக்கழகத்தில் அவன் ஒருநாளேனும் மட்டை பிடித்ததில்லை.