ஏரி இருந்த இடத்தில் நடக்க ஒரு பாதை

மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கி, துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் விரைகிறவர்களில் பலருக்கு அங்கே ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது தெரியாது. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து உருவாக்கப்பட்டதுதான் சென்னையின் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் இருக்கும் ‘லேக் வியூ ரோடு’ அந்த ஏரி விட்டுச்சென்ற பெயர்.

புது நகருக்கு நடுவில் பனகல் பூங்கா. அங்கிருந்து பிரிந்து செல்லும் சாலைகள். ஊருக்கும் பூங்காவுக்கும் பல தெருக்களுக்கும் நீதிக்கட்சித் தலைவர்களின் பெயர்கள். தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளுக்காகத்தான் ஊர் போடப்பட்டது. 1928-ல் நல்லி பட்டுக்கடை வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கடைகள் வர, தமிழ்நாடே கல்யாண ஜவுளி எடுக்க வரும் இடமானது தி.நகர்.

இடம் வளரவில்லை, ஆட்கள்தான் வளர்ந்தார்கள். அதனால் தனி வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் முன்பு மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 3,600 சதுர அடி வரை கட்டலாம். 2019-ல் வந்த புதிய கட்டட விதிகளின்படி, உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2 மடங்கு, அதாவது 4,800 சதுர அடி. ஒரு குடும்பம் இருந்த மனையில் இப்போது நான்கைந்து குடும்பங்கள்.

இதில் நல்லதும் உண்டு. காய்கறிக்கடை, மருந்துக்கடை, கோயில், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஊருக்கு வெளியே வீடு வாங்கி, பால் பாக்கெட்டுக்கும் வண்டி எடுக்க வேண்டிய அவஸ்தை இல்லை. ஆனால், பக்கத்தில் இருக்கும் கடைக்குப் பாட்டி நடந்து போக முடிய வேண்டுமே! முடியாவிட்டால் பக்கத்தில் இருந்து என்ன பயன்?

அதற்கு ஒரு பதில்தான் பாண்டி பஜார். ‘சௌந்தரபாண்டியனார் அங்காடி’ என்ற பெயரே சுருங்கி பாண்டி பஜார் ஆனது என்பார்கள். நடைபாதை வியாபாரிகள் 2013-ல் அருகிலேயே மாநகராட்சி வளாகத்துக்கு மாறினார்கள். 2019 நவம்பரில், தியாகராய சாலையின் இருபுறமும் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. வண்டிகள் போகும் பகுதியைக் குறுக்கி, அந்த இடத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். கார்களை நிறுத்தத் தணிகாசலம் சாலையில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது.

மாலையில் போனால் வித்தியாசம் தெரியும். பைகளைக் காலடியில் வைத்துவிட்டு பெஞ்சில் இளைப்பாறும் தாத்தாக்கள், கையை விடுவித்துக்கொண்டு ஓடும் குழந்தைகள், பின்னால் ஹாரன் சத்தத்துக்குப் பயப்படாமல் பேசிக்கொண்டே நடக்கும் அம்மாக்கள். கடை வாசலில் நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. அதனால் வாங்கவும் முடிகிறது.

2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து, சுமார் 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாதை வந்தது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் பஸ் பிடிக்கலாம். முதியவர்களுக்கு லிஃப்ட் உண்டு.

ஆனால் பெரிய சாலையை விட்டு உள்தெருவுக்குள் நுழைந்தால் கதை வேறு. அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் கார் நிறுத்த இடம் விடுகிறார்கள். அந்தக் கார் ஏறி இறங்கப் போடும் சாய்தளம் நடைபாதையின் மேல் நீள்கிறது. அதைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மர். அதையும் தாண்டினால் பைக். கடைசியில் பாட்டி தெருவில்தான் இறங்கி நடக்கிறார்.

நடைபாதையில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டி. சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய இடம் அது. உயரம் கூடினால் மூட்டுவலிக்காரர்கள் ஏறவே மாட்டார்கள்.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது வீடு கட்டுகிறவர்கள் கார் சாய்தளத்தைத் தங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். நடைபாதை மட்டம் மாறாமல் போகும். காரின் சக்கரம்தான் கொஞ்சம் மெதுவாக ஏறி இறங்க வேண்டும்.

தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களைத் தவிர்த்து, வேலை நாளின் காலையில் ரயிலில் போய் வாருங்கள். பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ வேலைகளால் சாலை மாற்றங்கள் இருக்கலாம். பாண்டி பஜாரில் நடந்து முடித்ததும், அப்படியே ஏதாவது ஓர் உள்தெருவுக்குள்ளும் நடந்து பாருங்கள். அடுத்து இடிபடப்போகும் பழைய வீட்டின் வாசலில், கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறடி இடம் யாருக்கு என்பதுதான் தி.நகர் இனி எடுக்க வேண்டிய முடிவு.