வெட்டிய பாதி

மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயத் தொடங்கினால் சொறிக்கல்முனைக்காரருக்குக் கல்முனை தூரமாகிவிடும். அப்படி வீட்டில் அடைபட்டிருந்த நாளொன்றில்தான் எலன் வில்லிஸின் இசைக் கட்டுரைத் தொகுப்பை வாசித்து முடித்தேன். 2006இல் அவர் காலமானபின், 2011இல் அவருடைய மகள் தொகுத்து வெளியிட்ட நூல் அது.

1968இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகை தனது முதலாவது பொப் இசை விமர்சகராக அமர்த்தியது ஒரு பெண்ணை. மறுவருடம் அவர் சுலமித் ஃபயர்ஸ்டோனுடன் சேர்ந்து 'ரெட்ஸ்டொக்கிங்ஸ்' என்ற பெண்விடுதலைக் குழுவைத் தொடங்கினார். அதே 1969இல் அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர் லிலியன் றொக்ஸன் றொக் இசைக்கென்று ஒரு கலைக்களஞ்சியமே எழுதினார். ஆயினும் றொக் விமர்சனத்தின் கதை சொல்லப்படும்போது ஆண்களின் பெயர்களே முந்திக்கொள்ளும். செய்தி அறையில் காலம் கழித்தவனுக்கு இதில் வியப்பில்லை.

வில்லிஸ் 1971இல் ஒரு சோதனையை முன்வைத்தார். ஆண் பெண்ணைப் பற்றி எழுதிய பாடலில் பாலை மாற்றிப் பாருங்கள் என்றார். றோலிங் ஸ்டோன்ஸின் 'அண்டர் மை தம்ப்' பெண்ணை அடக்கிவிட்டதாகக் கொக்கரிப்பது. ஆனால் அதைப் பெண்ணும் பாடலாம். கட் ஸ்டீவன்ஸின் 'வைல்ட் வேர்ல்ட்' மென்மையானது. பிரிந்து செல்பவளிடம் வெளியுலகம் கொடியது என்று கரிசனத்தோடு எச்சரிப்பது. அதைப் பெண்ணொருத்தி ஆணிடம் பாடுவதைக் கற்பனை செய்யவும் கடினம். ஆகவே மென்மையான பாடலே மோசமானது என்பது அவருடைய தீர்ப்பு. (பின்னாளில் யூசுப் இஸ்லாம் ஆன அவரை விரும்பிக் கேட்கும் கல்முனை நண்பர்கள் என்னைக் கோபிக்க வேண்டாம்.)

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ஒரு ஞாயிறு பதிப்பில் உதவி ஆசிரியர். இளம் பெண் நிருபர் ஒருவர், பெண்ணுக்கு அன்பாகப் புத்தி சொல்லும் திரைப்பாடல் ஒன்றைக் கடிந்து எழுதி வந்தார். ஏசுகிற பாட்டையெல்லாம் விட்டுவிட்டு நல்ல பாட்டைக் குறை சொல்கிறீர்களே, தங்கச்சி என்றேன்.

"ஏசுற பாட்டுக்குத் திருப்பி ஏசலாம், சேர். இதுக்கு என்னத்தைச் சொல்றது?"

வில்லிஸின் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நானோ பிரதியைப் பாதியாக வெட்டி, மகளிர் பக்கத்தில் சமையற்குறிப்புக்குக் கீழே போட்டேன். இடமில்லை என்றேன். இடம் இருந்தது. அதன்பின் அவர் இசை பற்றி எதுவும் எழுதித் தரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கிளறினேன். அச்சான பாதி கிடைத்தது. வெட்டிய பாதியில் என்ன எழுதியிருந்தார் என்பது எனக்கு நினைவில்லை.