எண்ணெய் எங்கே போயிற்று?

நுவரெலியாவிலிருந்து நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் பாதையில், கியரைக் குறைத்து ஓட்டினும் பிரேக்குக்கு ஓய்வில்லை. அவ்வழியே வாடகை வேன் ஓட்டும் என் மாமா, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக் எண்ணெய்க் கலத்தை நாள்தோறும் பார்ப்பார். இரு கோடுகளுக்கிடையே மட்டம் நின்றால் நிம்மதி. குறைந்திருந்தாலோ உடனே ஊற்றமாட்டார். “எங்க போச்சுன்னு பாக்காம ஊத்தப்படாது, தம்பி” என்பார்.

அடைபட்ட குழாய்களிலுள்ள திரவம் வீணே குறைவதில்லை. பிரேக் பட்டைகள் தேயத் தேய மட்டம் மெல்லத் தாழும்; சட்டெனத் தாழ்ந்தால் கசிவென்றே கொள்ளவேண்டும். கசிவிருக்க மேலும் ஊற்றுதல், நோயாளியின் முகத்துக்குப் பவுடர் பூசுவதை ஒக்கும்.

எண்ணெய் என வழங்கினும் அது பெரும்பாலும் கிளைக்கோல் சார்ந்த திரவமே. (என்ஜின் எண்ணெயைக் கலந்தால் இறப்பர் அடைப்புகள் ஊதிப் பழுதாகும்.) காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும், பனிமூட்டம் மிகுந்த எம்மூரில் இதனை மறத்தல் தகாது. ‘டொட் 3’ வகை, புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதித்தலாகாது என்பது தரவிதி, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 பாகையாகிறது. நெடிய இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். மிதி தரைதொடும், சில்லோ நிற்காது.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயாவுக்கருகே ரதல்லையில் பேருந்தும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். காரணம் எதுவாயினும், அதன்பின் மாமாவின் பயணிகள் தாமதமென்று முணுமுணுப்பதில்லை.

பாதி தீர்ந்த போத்தலை மலிவாகத் தந்தாலும் அவர் வாங்கார். முத்திரை உடையாத சிறு போத்தலையே கேட்பார். மூடியைச் சுற்றிய தூசியைத் துடைத்துத் திறந்து, மேற்கோடு தாண்டாமல் ஊற்றுவார். சிந்திய துளி வண்டியின் வர்ணத்தைத் தின்றுவிடும்.